அலமாரிக் காட்சியில் எழுந்த சிரிப்பு

என்னுடைய பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் முதல் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லித் தபால்காரரைத் தவிர வேறு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. நாடகக் குழுவில் எனக்கு முதலாளியம்மா என்று பெயர். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். வயது ஐம்பத்து மூன்று. எங்கள் நாடக அரங்கின் மாடியில், ஒப்பனை அறைக்கு நேர் மேலே உள்ள இரண்டு அறைகளில் என் அண்ணனுடன் குடியிருக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். குழுவை நடத்துவது, டிக்கெட் கொடுப்பது, நாற்காலி துடைப்பது, திரை இழுப்பது எல்லாம் நான்தான். இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலுக்கும் பயந்து கொடுக்கவில்லை. ஆசை வார்த்தைக்கு மயங்கியும் கொடுக்கவில்லை. ஆசை வார்த்தை சொன்னவர்கள் இருக்கிறார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் அண்ணன் எங்கள் குழுவின் நகைச்சுவை நடிகர். நாங்கள் வருடக்கணக்காகப் போட்டுவரும் நாடகத்தில் அவருக்கு வீட்டுப் புரோக்கர் வேடம். அதனால் ஊரில் அவரைப் புரோக்கர் என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை நம்பி நிஜமாகவே வாடகைக்கு வீடு கேட்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருக்கு அண்ணன் வீடு பார்த்தும் கொடுத்திருக்கிறார்.

வழக்கு அந்த நாடகத்தின் ஒரு காட்சியைப் பற்றியது என்பதால் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புரோக்கர் ஒரு பெண்ணுக்கு வீடு காட்டுகிறார். சுவரில் விரிசல் இருந்தால் காற்றோட்டம் என்கிறார், கூரை ஒழுகினால் தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்கிறார். அந்தப் பெண் தன் கணவரை அழைத்துவர வெளியே போகிறாள். அந்த நேரத்தில் புரோக்கர் அலமாரி எவ்வளவு விசாலம் என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளக் கதவைத் திறக்கிறார். உள்ளே பழைய குடித்தனக்காரர் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். புரோக்கர் ஒன்றும் பேசாமல், கதவில் வைத்த கை வைத்தபடி இருக்க, சபையைத் திரும்பிப் பார்க்கிறார். சபை சிரிக்கிறது. சிரிப்பு ஏறும்போது அண்ணன் பேச மாட்டார். முழுக்க அடங்கும்வரை காத்திருக்கவும் மாட்டார். இறங்க ஆரம்பிக்கும் இடத்தில், ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதுபோல அதில் தொற்றிக்கொண்டு, “இவரு வீட்டோட சேத்துதாங்க” என்பார். அதன் பிறகு வரும் சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக இருக்கும்.

அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சும்மா வருவதில்லை, அதற்கு வேலை இருக்கிறது. எங்களுடையது சின்னக் குழு. வீடு பார்க்க வரும் பெண்ணாக நடிக்கும் கதாநாயகியே அடுத்து வீட்டுக்கார அம்மாவாகவும் வர வேண்டும். சபை சிரிக்கும் நேரத்தில்தான் அவள் பக்கத் திரைக்குப் பின்னால் புடவை மாற்றி, நரைமுடி விக்கை மாட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவாள். அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பவர் எங்கள் பிராம்ப்டர். அவர் படிக்கும் செய்தித்தாளுக்குள் நாடகப் பிரதி இருக்கும். யாராவது வசனத்தை மறந்தால் அங்கிருந்தே மெல்ல எடுத்துக்கொடுப்பார். அண்ணனுக்கு அவர் எடுத்துக்கொடுத்ததே கிடையாது.

நோய் வந்து அரங்குகளை மூடச் சொன்னபோது நான் மறுபேச்சில்லாமல் மூடினேன். இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். எங்கள் ஆர்மோனியக்காரர் அந்த நோயில்தான் போனார். அவரைப் பொட்டலமாகச் சுற்றி வண்டியில் ஏற்றியதைத் தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பக்கத்தில் போக விடவில்லை, நானும் போகவில்லை. ஆகவே நோயை லேசாக நினைத்தேன் என்று யாரும் என்மேல் எழுத வேண்டாம்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கல்யாண மண்டபம் திறந்தது. உடற்பயிற்சிக் கூடம் திறந்தது. சுற்றுலா விடுதிகளைப் பாதி அறைகளோடு திறந்தார்கள், சுற்றுலாப் பேருந்தைப் பாதி இருக்கையோடு விட்டார்கள். மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் பந்தாட்டம் நடத்தி, தொலைக்காட்சியில் மிஷின் கைதட்டலைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். எங்கள் அரங்குக்கு அடுத்த கட்டடம் கல்யாண மண்டபம். அங்கே வாரக் கடைசியில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துச் சாப்பிட்டுவிட்டு எங்கள் வாசல் குழாயில் கைகழுவிப் போனார்கள். எங்கள் கதவில் மட்டும் பூட்டுத் தொங்கியது. ஏன் என்று கேட்டு மூன்று அலுவலகங்களுக்கு நடந்தேன். ஒரு இடத்தில் எங்களை விளையாட்டுத் துறையில் கேட்கச் சொன்னார்கள்.

அப்படியிருக்கும்போது கலைத்துறையிலிருந்து ஒரு உதவித் திட்டம் அறிவித்தார்கள். குழுக்கள் தங்கள் நாடகத்தைப் பார்வையாளர் இல்லாமல் நடத்திப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். தரம் இருப்பதாகத் துறை ஏற்றுக்கொண்டால் குழுவில் உள்ள எல்லோருக்கும் அரங்கு திறக்கும்வரை மாதாமாதம் உதவி கிடைக்கும். கதாநாயகி அப்போது ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தாள், பிராம்ப்டர் அவருடைய மைத்துனர் வீட்டுக் காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓடி வந்தார்கள். அலமாரியைத் துடைத்து மேடையில் வைத்தபோது அதற்குள் பூனை குட்டி போட்டிருந்தது. வீட்டோடு சேர்த்துதான் என்று அண்ணன் சொல்ல, நாங்கள் அன்றைக்கு வெகுநேரம் சிரித்தோம்.

முதல் படப்பிடிப்புக்குத் துறையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனிதர், கடைசி வரிசையில் தள்ளி உட்கார்ந்து, குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூட முகக்கவசம் கழற்ற வேண்டுமே என்று மறுத்தார். கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கும் ஒருவரைக் கேமராவுக்குப் பிடித்திருந்தேன். நாடகம் ஆரம்பித்தது. அண்ணன் சுவர் விரிசலைக் காட்டிக் காற்றோட்டம் என்றார், வழக்கம்போல நிறுத்தினார், ஒன்றும் வரவில்லை. கூரையைக் காட்டினார், நிறுத்தினார், மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. கதாநாயகி வெளியே போனாள். அண்ணன் அலமாரியைத் திறந்தார், கதவில் கை வைத்தபடி காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார், நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். அவர் சிரிப்புக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்து இறங்கினால்தான் அவர் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வரும். அவர் உடம்பு அப்படிப் பழகிவிட்டது. ஆனால் அலமாரிக்குள் இருந்த பிராம்ப்டருக்கு நான்கு பக்கமும் பலகை, அவருக்கு அமைதி மட்டும்தான் தெரிந்தது. புரோக்கருக்கு வசனம் மறந்துவிட்டது என்று பதறிப்போய் அவர் எடுத்துக்கொடுத்தார். காலி அரங்கில் அது கணீரென்று கேட்டது. “இவரு வீட்டோட சேத்துதாங்க” என்று அலமாரிக்குள் இருப்பவரே தன்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டு, காட்சி முடிந்ததென்று நினைத்துக் கதாநாயகி உள்ளே வந்தாள். அவள் நரைமுடி ஒரு காதில் தொங்கியது, மேலே பாட்டிப் புடவை, கீழே இளம்பெண் புடவை. கேமராக்காரர் எல்லாவற்றையும் பிடித்தார்.

சில நாள் கழித்துத் துறையின் முடிவு வந்தது. மூத்த நடிகருக்கு வசனம் நினைவில் நிற்கவில்லை, நாடகத்தில் தேவையற்ற இடைவெளிகள் இருக்கின்றன, அவருக்குப் பதிலாக வேறொருவரைப் போட்டு மறுபடி படம் பிடித்து அனுப்பினால் பரிசீலிக்கலாம், நேரில் மேற்பார்வை தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அதை மறைத்துவைக்கப் பார்த்தேன். அண்ணன் என் கையிலிருந்து வாங்கிப் படித்தார்.

“எழுதிட்டுப் போறாங்க, விடு பாப்பா. எனக்கு மறந்துபோச்சுன்னே இருக்கட்டும்” என்றார்.

“உனக்கா மறந்துச்சு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவியே.”

“சொல்லுவேன். யாரு கேக்கறா?”

அதன் பிறகு அவர் வீட்டில் பேசுவதே குறைந்தது. முன்பெல்லாம் சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் அதை நேராகச் சொல்ல மாட்டார், உப்பு டப்பாவை நலம் விசாரிப்பார். இப்போது உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். புரோக்கர் வேடத்துக் கோட்டை எடுத்து, தன்னைவிட இளையவனான இன்னொரு நடிகனுக்கு அளவு சரியாக இருக்குமா என்று எனக்குத் தெரியாமல் பார்த்துவைத்திருந்தார். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அதன் பிறகு நான் மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்து அண்ணன் மேடையில் நின்றுபோன காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “பந்தாட்டத்துக்கு வெக்கற மாதிரி நீங்களும் மிஷின் சிரிப்பு வெச்சுக்கலாமேம்மா” என்று யோசனையும் சொன்னார். அதையும் செய்து பார்த்தோம். கேமராக்காரர் ஒரு ஸ்பீக்கரை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, அலமாரி திறந்ததும் தன் கைபேசியில் அழுத்தினார். ஸ்பீக்கர் சிரித்தது. ஆனால் மிஷின் சிரிப்பு இறங்குவதில்லை, நறுக்கென்று அறுந்துபோகிறது. அண்ணன் தொற்றிக்கொள்ளப் போன இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று முறை பார்த்தோம். மூன்றாவது முறை அண்ணன் மேடையிலிருந்து இறங்கிப் போய் ஸ்பீக்கருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடி ஏறினார். அவரை நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு நான் அரசாங்கத்தின் ஆணையை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று அதில் இருக்கிறது. நிகழ்ச்சி நடப்பதற்கு அவசியமான பணியாளர்கள் இடைவெளி விட்டு இருக்கலாம் என்றும் இருக்கிறது. எங்கள் நிகழ்ச்சி நடப்பதற்கு அவசியமானது என்ன என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. விளக்குக்காரர் இல்லாமல் நாங்கள் ஆடியிருக்கிறோம், ஒரு முறை திரையே இல்லாமல் ஆடியிருக்கிறோம். சிரிப்பவர் இல்லாமல் கதாநாயகியால் புடவைகூட மாற்ற முடியவில்லை. ஆகவே சிரிப்பவர்களைப் பணியாளர்களாகச் சேர்த்தேன். அவர்களுக்கு அரங்கப் பணியாளர் என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டதும் நான்தான். இதில் யாருடைய தூண்டுதலும் இல்லை.

வந்தவர்கள் யார் யார் என்று இந்த நிலையத்தின் காவல் ஆய்வாளர் பலமுறை கேட்டார். வேலை நின்றுபோன ஒரு சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர், வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் ஒரு வழிகாட்டிப் பெண், விடுதி வரவேற்பில் நிற்கும் ஒருவர், போட்டி ரத்தான ஒரு கோல்கீப்பர், இன்னும் சிலர். எல்லோரையும் எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களில் பலருக்கு அரசாங்கத்தின் வேறு வேறு உதவிகள் வந்துகொண்டிருக்கின்றன, வாயைத் திறந்து சிரித்தது குற்றமென்று அதை நிறுத்திவிடக் கூடாது. “சொல்லலேன்னா உங்களுக்குத்தான்மா கஷ்டம்” என்று ஆய்வாளர் சொன்னார். கஷ்டம் எனக்குத்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த அளவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

படப்பிடிப்பு பகல் வேளையில் நடந்தது. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தேன். ஒரு நாற்காலிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு தள்ளிப் போட்டேன். வாசலில் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் பார்த்தேன், லேசாக இருமிய ஒருவரைத் திருப்பி அனுப்பினேன், அவர் இன்றுவரை என்மேல் வருத்தமாக இருக்கிறார். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம், முடியவில்லையென்றால் கோட்டை அந்தப் பையனுக்கே கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொல்லி மேடைக்குக் கொண்டுவந்தேன்.

திரை விலகியதும் அண்ணன் அவர்களைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துவிட்டுத் துறையிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று முதலில் பயந்துவிட்டார். அவரே பின்னால் என்னிடம் சொன்னார். விரிசலைக் காட்டிக் காற்றோட்டம் என்றார். ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார். முகக்கவசத்துக்குள் அடைத்துக்கொண்டு வந்த சிரிப்பு அது. அண்ணனுக்கு யாருடைய வாயும் தெரியவில்லை. அதனால் அவர் தோள்களைப் பார்க்க ஆரம்பித்தார். தோள் குலுங்குவது நின்று இறங்கும்போது அடுத்த வசனத்தை விட்டார். கூரைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவர் முதுகு நிமிர்ந்ததைத் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன்.

அலமாரியைத் திறந்தார். கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு வந்த சிரிப்பைப்போல நான் அந்த அரங்கில் கேட்டதில்லை; நிறைந்த அரங்கிலும் கேட்டதில்லை. வழிகாட்டிப் பெண் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். விடுதிக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதாநாயகி விக்கை நேராக மாட்டிக்கொண்டு, கண்ணாடி பார்த்து, ஒரு மடக்குத் தண்ணீரும் குடித்துவிட்டுத் தயாராக நின்றாள், அப்போதும் சிரிப்பு முடியவில்லை. அண்ணன் காத்திருந்தார். அது இறங்க ஆரம்பித்த இடத்தில், துளிகூட முந்தாமல், பிந்தாமல் ஏறிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் அடுத்த காட்சிக்குத் திரையை இழுக்கத் தாமதமாயிற்று. பதிவில் அது தெரியும், அந்தத் தப்பு என்னுடையது.

நாடகம் முடிந்து எல்லோரும் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராகக் கலைந்து போன பிறகு இரண்டு காவலர்கள் வந்தார்கள். பூட்டிய அரங்கில் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்பதாக யாரோ தொலைபேசியில் புகார் சொன்னதாகத் தெரிவித்தார்கள். கல்யாண மண்டபத்தின் பக்கமிருந்துதான் புகார் போயிருக்கும் என்பது என் சந்தேகம், நிரூபிக்க ஆதாரம் இல்லை. துறைக்காகப் படம் பிடிக்கிறோம் என்று சொன்னேன். அவர்கள் நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு பதிவைத் துறைக்கு அனுப்பினோம். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாடகம் விறுவிறுப்பாக இருக்கிறது, செயற்கைச் சிரிப்பொலி பொருத்தமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, கேமராக்காரருக்குப் பாராட்டு என்று எழுதியிருந்தார்கள். அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. துறை அந்தப் பதிவை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. குழுவுக்கு உதவி வர ஆரம்பித்தது, கதாநாயகி மருந்துக் கடை வேலையை விட்டாள். பதிவைப் பார்த்த புகார்தாரர், அன்று தான் கேட்ட சிரிப்பு இதுதான் என்று மறுபடி புகார் கொடுத்ததால் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள்.

இங்கே வருவதற்கு முந்தைய நாள் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“மேடம், ஒரே ஒரு வார்த்தை. மிஷின் சிரிப்பைப் பின்னாடி சேத்தோம்னு சொல்லிடுங்க. துறையே அப்படித்தான் எழுதியிருக்கு. கேஸும் நிக்காது, உதவியும் நிக்காது. எல்லாருக்கும் நல்லது.”

நான் யோசிக்கவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசித்தேன். கதாநாயகிக்கு இரண்டு பெண் குழந்தைகள், அவள் வீட்டுக்காரர் கடல்கடந்த வேலை போய்த் திரும்பி வந்து சும்மா இருக்கிறார். அவளும் அங்கேதான் இருந்தாள்.

“அக்கா, அண்ணன் மேல எனக்கும் மரியாதை இருக்கு. ஆனா அவரு பெருமைக்கு என் புள்ளைங்க சோத்துல கை வெப்பியா நீ? சிரிச்சது மிஷினா மனுஷனான்னு யாருக்கு என்ன?” என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. அவள் என்னுடன் பேசுவதில்லை.

அண்ணனும் அவர்கள் பக்கம்தான். “மிஷினுதான்னு சொல்லிடு பாப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் முடிவு செய்தேன்.

அரசாங்கத்திடம் என் அண்ணனைப் பற்றி ஏற்கெனவே ஒன்று எழுதியிருக்கிறது, அவருக்கு வசனம் நினைவில்லை என்று. அது பொய். நான் மிஷின் என்று சொன்னால் இரண்டாவதும் பொய்யாகிவிடும். ஆயுள் முழுக்க ஊரைச் சிரிக்கவைத்த மனிதனைப் பற்றி அரசாங்கத்தின் கையில் இருக்கும் இரண்டு விஷயமும் பொய்யாக இருக்க நான் விட மாட்டேன். அவரே விடச் சொன்னாலும் விட மாட்டேன். அவர் சம்பாதித்த சிரிப்பை ஒரு மிஷின் பெயரில் எழுதிவைக்க எனக்கு உரிமை கிடையாது, அவருக்கும் கிடையாது. சிரித்தவர்களுக்கு அது சொந்தம்.

இன்று காலை இந்த நிலையத்தில் அந்தப் பதிவை ஆதாரமாகப் போட்டுப் பார்த்தார்கள். அதில் உள்ளது மனிதச் சிரிப்புதான் என்பதற்கு நான் கீழ்க்கண்டவற்றைக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வேறு வேறு மாதிரி இறங்குகிறது. கூரை ஒழுகும் இடத்தில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒருவர் தனியாகச் சிரிக்கிறார். அவர் கோல்கீப்பர், பந்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் எட்டும். ஒரு பெண் “ஐயோ போதும்” என்கிறாள். எந்த மிஷினும் போதும் என்று சொல்லாது. இதை எல்லாம் ஆய்வாளர் முகத்தில் மாற்றமில்லாமல் கேட்டுக்கொண்டார். அலமாரிக் காட்சி வந்தபோது இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர் சிரித்துவிட்டார். அதையும் எழுதும்படி கேட்டேன். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஆய்வாளர் சொன்னார். சம்பந்தமில்லாதது என்று அவர் சொன்னதையாவது எழுதும்படி கேட்டேன், எழுதியிருக்கிறார்கள்.

அதன் பிறகு ஆய்வாளர் எனக்கு உதவும் எண்ணத்தில், அறியாமையினாலும் ஞாபகக் குறைவினாலும் ஆணையை மீறிவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்தால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார். எழுத்தர் அந்த வரியை எழுதியும்விட்டார். நான் அடிக்கச் சொன்னேன். எனக்கு அறியாமை இல்லை, ஆணையை வரிவரியாகப் படித்தேன். ஞாபகக் குறைவு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அந்த வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டிருக்கிறது.

ஆட்களைக் கூட்டியது நான், அட்டை எழுதியது நான், கதவைத் திறந்துவிட்டது நான். நடித்தவர்கள் நான் சொன்னபடி நடித்தார்கள், சிரித்தவர்கள் சிரிப்பு வந்ததால் சிரித்தார்கள். உதவியைத் திரும்பப் பெறுவதென்றால் என்னிடமிருந்து பெற வேண்டும், கதாநாயகியிடமும் பிராம்ப்டரிடமும் கேட்கக் கூடாது; அரங்கின் சாவியை மேசைமேல் வைத்திருக்கிறேன். அவசியமான பணியாளர் என்றால் யார் என்பதை நீதிமன்றத்தில் வாதாடத் தயாராக இருக்கிறேன். நீதிபதி கேட்டால் அங்கேயே அலமாரியைக் கொண்டுபோய் வைத்து, முதலில் காலி அறையிலும் பிறகு ஆட்கள் முன்னாலும் ஆடிக் காட்ட அண்ணனை அழைத்துவருவேன். அவர் வர மாட்டேன் என்பார். இழுத்து வருவேன். இப்போதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் மிஷின் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்த பிறகு ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு, “கடைசியாக் கேக்கறேன்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது மிஷினா, மனுஷனா?” என்று கேட்டார்.

“மனுஷன் சார். எங்க அண்ணன் சிரிக்க வெச்சாரு, அவங்க சிரிச்சாங்க. அப்படியே எழுதுங்க” என்றேன்.

இவ்வளவையும் எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் ஒரு முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூட எனக்குத் தெரியாமல் சேர்க்கப்படவில்லை, நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை. இதில் இருப்பதெல்லாம், அந்தச் சிரிப்பு உட்பட, உண்மை.

(கையெழுத்து)